ஆறாவது ட்யூப்

இல்ல டாக்டரம்மா, இன்னொரு தடவை பாருங்க. விரலிடுக்கை நல்லா விரிச்சு, அந்த லென்ஸை வச்சே பாருங்க, எனக்கு அவசரம் இல்ல. வெளிய பதினாலு பேர் டோக்கனோட உக்காந்திருக்காங்க, தெரியும். ஒன்றரை மணி நேரம் நானும் அவங்களோடதான் உக்காந்திருந்தேன். இது தேடுற ஆளுக்குத்தான் கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். முடி கனத்துக்கு ஒரு சின்னக் கோடு இருக்கும், வளைஞ்சு நெளிஞ்சு. அந்தக் கோட்டு முனையிலதான் பூச்சி உக்காந்திருக்கும். இல்லையா? மணிக்கட்டுல ஒரு செவப்பு இருக்கே, அது? வாட்ச் வாரா. சரி. முழங்கையில ஒண்ணு இருக்கும் பாருங்க. கொசுவா? நிச்சயமா கொசுதானா?

சரி, கொசுன்னா கொசு. படிச்சவங்க சொல்றீங்க.

சட்டையை மாட்டிக்கிறேன். ஆனா எனக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடணும். இன்னிக்கே வேணும். சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அது எங்க வீட்டுல இருக்கணும். சிரங்கு மருந்துக்குத்தான். இல்லைன்னுதான் சொல்றீங்க, காதுல விழுந்துச்சு. இல்லாதவனுக்கு எதுக்கு மருந்துன்னு கேக்குறீங்க. கேளுங்க, கேக்க வேண்டிய கேள்விதான். சொல்றேன்.

இந்தாங்க, இது போன வெள்ளிக்கிழமை இதே ரூம்ல பெரிய டாக்டர் எழுதுன சீட்டு. பெர்மெத்ரின் களிம்பு, அஞ்சு ட்யூப். கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும் தடவி, ராத்திரி முழுக்க விட்டு, காலைல குளிக்கணும். ஏழு நாள் கழிச்சு இன்னொரு தடவை. முதல் தடவை போன சனிக்கிழமை ஆயிடுச்சு. ரெண்டாவது இன்னிக்கு சாயந்திரம். இப்ப எங்க வீட்டு ஆளுங்களை எண்ணுங்க. எங்க வீட்டம்மா, மகன், மருமக, பேத்தி, நான். அஞ்சு பேர். அஞ்சு ட்யூப். கணக்கு சரியாப் போச்சேங்கிறீங்க. போகல டாக்டரம்மா. அஞ்சாவது ட்யூப் பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவுக்கு.

என்னை ஏதோ செல்போன்ல படிச்சுட்டு வந்து உங்க உயிரை வாங்குற கிழவன்னு நெனைச்சுக்காதீங்க. நான் சுகாதார இன்ஸ்பெக்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ரிட்டயர்டு ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு. ஹாஸ்டல், பிள்ளைங்க இல்லம், ஜெயில், ஒரே ரூம்ல பத்துப் பேர் படுக்குற வேலையாளுங்க குடியிருப்பு, இதெல்லாம்தான் என் ஏரியா. எங்க சிரங்குன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. கல்யாணத்துக்கு மறந்துடுவாங்க, சிரங்குக்கு மறக்க மாட்டாங்க.

நீங்க பொறக்குறதுக்கு முன்னால இருந்து இந்தப் பூச்சியோட எனக்குப் பழக்கம். நான் சேர்ந்தப்ப கந்தகக் களிம்புதான். மஞ்சளா இருக்கும், அழுகின முட்டை நாத்தம். மூணு ராத்திரி விடாம போடணும். பூச்சி சாகுதோ இல்லையோ, போட்டவன் பக்கத்துல ஒருத்தனும் போக மாட்டான், அதுலயே பாதி பரவாது. சிரிக்காதீங்க, நல்ல மருந்து அது. கைக்குழந்தைக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் பயப்படாம போடலாம். அப்புறம் அந்த வெள்ளைத் தண்ணி வந்துச்சு, பென்சைல் பென்சோயேட்டு. பார்க்கப் பால் மாதிரி சாதுவா இருக்கும், சொறிஞ்ச புண்ணுல பட்டா துள்ளிக் குதிக்க வச்சுடும். நடுவுல லிண்டேன்னு ஒண்ணு. வயல்ல பூச்சிக்கு அடிக்கிற ஜாதி. ஒரே தடவைல வேலை முடிஞ்சுடும். ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு வலிப்பு வருதுன்னு எங்கியோ படிச்சேன், அன்னிக்கே ஸ்டாக்கை மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிட்டேன். மேல இருந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வர்றதுக்கு எட்டு மாசம் முன்னால. மெமோ குடுத்தாங்க. வாங்கி ஃபைல்ல போட்டுக்கிட்டேன். எதுக்கு சொல்றேன்னா, நான் மத்தவங்க உடம்பைப் பத்தி அக்கறை இல்லாத ஆள் கிடையாது. அது தெரியணும் உங்களுக்கு.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், அந்த வெள்ளைத் தண்ணி. ஒரு ஹாஸ்டல்ல இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க, அத்தனைக்கும் சிரங்கு. நான் ஒருத்தன், கூட ஒரு வாட்ச்மேன். ஒவ்வொருத்தரா கையால தடவிக்கிட்டு இருந்தா எப்ப முடிக்கிறது? அதுவும் இல்லாம, தொட்டா நமக்கு ஒட்டிக்கும். அதனால ஒரு யோசனை பண்ணேன். சுவத்துக்கு வெள்ளையடிக்கிற நாலு இஞ்ச் பிரஷ்ஷு வாங்கி, மூணடிக் குச்சியில இறுக்கிக் கட்டினேன். பக்கெட்டுல மருந்து. பிள்ளைங்க குளிச்சுத் தொடைச்சுக்கிட்டு வரிசையில வரணும். முன்னால ரெண்டு இழுப்பு, திரும்பு, பின்னால ரெண்டு இழுப்பு, கையை விரி, காலை அகட்டு, அடுத்தது. தலைக்கு நாப்பது செகண்டு. நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஆறரைக்கெல்லாம் பக்கெட்டைக் கழுவி வச்சுட்டேன். என் மேல ஒரு சொட்டுப் படல. வேற ஊர்ல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. வெள்ளையடிக்கிற சார்னுதான் எனக்குப் பேரு, எனக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கு நெனப்பு. ரிட்டயர்டு ஆன அன்னிக்கு அந்த பிரஷ்ஷுக்கே ரிப்பன் கட்டி மேடையில குடுத்தாங்க. பீரோவுல இருக்கு.

ஒரு பிள்ளைங்க இல்லத்துல மட்டும் ஒரு சின்னப் பொண்ணு, ஆறு ஏழு வயசு இருக்கும், திரும்பி நின்னுக்கிட்டு சொன்னா, சார் பிரஷ்ஷு குத்துது, கையால போடுங்க சார்னு. பிரஷ்ல போட்டாத்தாம்மா சமமா பரவும்னு சொல்லிட்டு அடுத்ததுன்னு கூப்பிட்டேன். நியாயம்தானே? பின்னால நூத்தி எழுபது பேர் நிக்கிறாங்க.

வர்றேன், வீட்டுக்குத்தான் வர்றேன். இந்த வேலையில இருக்குறவன் வீட்டுக்குள்ள எப்படிப் போறான்கிறது முக்கியம். நான் நேரா கொல்லைப்பக்கம் போவேன். போட்டிருக்கற துணி அங்கயே வெந்நீர்ல. குளிக்கிற வரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது. என் மகன் அப்ப மூணு வயசு, பைக் சத்தம் கேட்டா ஓடி வருவான். நான் கையைக் காட்டி, அங்கயே நில்லுன்னு சொல்லுவேன். நல்ல பிள்ளை, நின்னுடுவான். நான் குளிச்சு, நகம் தேய்ச்சு, துணி பிழிஞ்சு போட்டு வர்றதுக்குள்ள தூங்கிப் போயிருப்பான். கொஞ்ச நாள்ல ஓடி வர்றதையே விட்டுட்டான். அப்பாடான்னு இருந்துச்சு, உண்மையைச் சொன்னா.

எனக்குன்னு தனித் துண்டு, தனி டம்ளர், தனி நாற்காலி. பதினாலு வருஷத்துக்கு முன்னால ஒரு ஜெயில்ல பெருசா பரவுச்சு. அப்ப நான் முன் ரூமுக்குப் படுக்கையை மாத்திக்கிட்டேன். ஒரு வாரத்துக்குன்னுதான் எங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியல. வேலை ரிட்டயர்டு ஆச்சு, பழக்கம் ரிட்டயர்டு ஆகல. இப்பவும் ஹால்ல என் நாற்காலியில இருந்து எண்ணினா மூணாவது டைல்ஸ் வரைக்கும்தான் பேத்தி வருவா. வெளிய விளையாடிட்டு வந்தா கை கழுவிட்டுத்தான் தாத்தாகிட்ட வரணும்னு சொல்லி வச்சிருந்தேன். கை கழுவுறதுக்கு சோம்பல்பட்டு மூணாவது டைல்ஸ்லயே நின்னு பேசிட்டுப் போயிடும். சுட்டி.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த முப்பத்தொரு வருஷத்துல ஒரு பூச்சி என் வீட்டு வாசப்படி ஏறல. பிரஷ்ஷைக் குடுத்தப்ப மேடையிலயே இதைச் சொல்லித்தான் கை தட்டுனாங்க.

இப்ப வந்தது பள்ளிக்கூடத்துல இருந்து. பேத்தி ரெண்டாங் கிளாஸ். பக்கத்துல உக்கார்ற பொண்ணோட கையைக் கோத்துக்கிட்டேதான் பாடம் படிக்குமாம். ரெண்டு வாரமா சாயந்திரம் ஆனா சொறிய ஆரம்பிச்சுடும். மருமக கொசுன்னா, மகன் வேர்க்குருன்னான். எங்க வீட்டம்மா சூடுன்னு சொல்லி எண்ணெயைத் தடவிட்டு இருந்தாங்க. நான் நாற்காலியில இருந்தபடியே, விரலைத் தூக்கிக் காட்டுன்னு சொன்னேன், வெளிச்சத்துப் பக்கம் திருப்புன்னு சொன்னேன். ஆறடி தூரத்துல இருந்தே சொல்லிட்டேன், சிரங்குன்னு. அப்புறம் பாத்தா எங்க வீட்டம்மா இடுப்பைச் சொறியறாங்க, மகன் அக்குளைச் சொறியறான். மருமக பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு சுவத்துல முதுகைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா. எல்லாரும் ஒரு மாசமா அதோடதான் இருந்திருக்காங்க, உடம்புக்குத் தெரியத்தான் நாளாகும். ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு ஒரு வீடே சொறிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல.

உங்களுக்குச் சொல்ல வெக்கம் என்ன, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ஒன்பது வருஷமா என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. அன்னிக்கு வியாழக்கிழமை எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு வகுப்பு எடுத்தேன். இது அழுக்குல வர்ற வியாதி இல்ல, யாரும் கூச்சப்படக் கூடாது, ராஜாவுக்கும் வரும் கூலிக்கும் வரும்னு ஆரம்பிச்சேன். பெத்தவங்ககிட்ட ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. சும்மா கை குலுக்குனா வராது, கால் மணி நேரமாவது தோலும் தோலும் பட்டுக்கிட்டு இருக்கணும்னு சொன்னேன். அது எப்படின்னு மருமக கேட்டா. நான் விரல் விட்டு எண்ணிக் காட்டுனேன். பிள்ளையை மடியில வச்சுக்கிறது. தலை பின்னி விடறது. புருஷன் பொண்டாட்டி ஒண்ணாப் படுக்குறது. பாட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குறது. கால் அமுக்கி விடறது. அஞ்சு விரல் முடிஞ்சுது, அங்கயே நிறுத்திட்டேன். வீட்டம்மாவுக்கு கால் வலின்னு பாத்திரம் தேய்க்கிற அம்மாதான் தினமும் அமுக்கி விடுவாங்க, அவங்களும் வாசல்ல நின்னு மணிக்கட்டைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

அப்ப இந்த வாண்டு கேக்குது, அப்ப தாத்தாவுக்கு மட்டும் ஏன் வரலன்னு.

சுத்தமா இருக்குறதாலன்னு சொன்னேன். ஆமா டாக்டரம்மா, பொய்தான். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலதான் அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லியிருந்தேன். ஒருத்தரும் எதுத்துக் கேக்கல, சிரிக்கவும் இல்ல. எல்லாரும் தலையாட்டுனாங்க. அவங்க சிரிச்சிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

மறுநாள் நாலு பேரும் இங்க வந்தாங்க. பேத்திக்கு ஒரு வழக்கம், கேட்டது படிச்சது எதையும் வயித்துல வச்சுக்காது. பஸ்ல எழுதியிருக்கறது, சோப்பு உறை, கரண்டு பில்லு, எது கண்ணுல பட்டாலும் சத்தமாப் படிச்சாகணும். வீட்டுக்கு வந்ததும் மூணாவது டைல்ஸ்ல நின்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சுது. டாக்டர் கேட்டாராம், வீட்டுல வேற யாரு இருக்காங்கன்னு. பாத்திரம் தேய்க்கிற அம்மாவைச் சொன்னாங்களாம். அப்புறம் தாத்தான்னு இது சொல்லியிருக்கு. எங்க வீட்டம்மா சொன்னாங்களாம், அவருக்கு வராது டாக்டர், அவரை யாரும் தொடறதில்லன்னு.

கோவமா சொல்லல, பாருங்க. எங்க வீட்டம்மா கோவத்துல பேசுனா பிள்ளை அதையும் சேத்து நடிச்சுக் காட்டியிருக்கும். அவருக்கு இனிப்பு ஆகாதுன்னு சொல்ற மாதிரி, சும்மா ஒரு தகவலா சொல்லியிருக்காங்க. பெரிய டாக்டரும் அஞ்சுன்னு எழுதிட்டாரு. அவரைக் குறை சொல்லல.

போன சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணி. எல்லாரும் குளிச்சாச்சு, நகம் வெட்டியாச்சு. உள் ரூம்ல பழைய பெட்ஷீட்டை விரிச்சு வரிசையா உக்காந்துக்கிட்டாங்க. கதவு பாதி சாத்தியிருந்துச்சு. நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். பேத்தி மருந்து டப்பாக்குள்ள இருந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாப் படிக்குது, கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நக அடி, தொப்புள், முதுகு. படிக்கப் படிக்க ஒருத்தருக்கு ஒருத்தர் தடவுறாங்க. மகன் அவங்க அம்மா முதுகுக்குப் போடறான். எங்க வீட்டம்மா மருமக முதுகுக்குப் போடறாங்க. அந்த ரெண்டு பேரும் ஏதோ ஒரு குக்கர் விஷயத்துல மூணு வாரமா முகம் குடுத்துப் பேசிக்கல டாக்டரம்மா. முதுகைத் தடவிக்கிட்டே, எவ்வளவு இளைச்சுட்ட நீன்னு எங்க வீட்டம்மா கேக்குறாங்க. உள்ள இருந்து ஒரு மூக்குறிஞ்சல். குக்கர் விவகாரம் அதோட தீந்துச்சு. பாத்திரம் தேய்க்கிற அம்மாவும் வந்திருந்தாங்க, அவங்க முதுகுக்கும் எங்க வீட்டம்மாதான். பிள்ளை அவங்க அப்பா உள்ளங்காலுக்குப் போடுது, அவனுக்குக் கூச்சம், கத்துறான். அவன் அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எனக்கு அவன் சிரிப்பு அப்படித்தான் இருக்கும்னே தெரியாது. நாப்பது வயசு அவனுக்கு.

நான் ஒரே பக்கத்தையே படிச்சுக்கிட்டிருந்தேன். வானிலை.

அப்ப கதவைத் தள்ளிக்கிட்டு இந்த வாண்டு வெளிய வந்துச்சு. ரெண்டு கையிலயும் வெள்ளையா களிம்பு, விரலை விரிச்சுக்கிட்டு. நேரா என்கிட்ட வருது. தாத்தா, உங்களுக்குன்னு கேக்குது. என் கை தானாத் தூக்கிருச்சு டாக்டரம்மா. சிரங்கு புடிச்சவன் கை சும்மா இருக்காதுன்னு சொல்லுவாங்க, எனக்குச் சிரங்கு இல்லாமலே சும்மா இருக்கல. அங்கயே நில்லுன்னுட்டேன். நின்னுருச்சு. மூணாவது டைல்ஸ், கோட்டை மிதிக்காம. எனக்கு இல்லம்மான்னேன். சரின்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. அவங்க அப்பன் மாதிரியே, நல்ல பிள்ளை.

தண்ணி இருக்கா? குடுங்க. இல்ல, அந்த டம்ளரே போதும். பரவால்ல, யார் குடிச்சதா இருந்தா என்ன.

என்ன சொன்னீங்க? ஆமா, சட்டப்படி நீங்க சொல்றதுதான் சரி. ஒரு வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா, அரிச்சாலும் அரிக்காட்டியும் எல்லாரும் ஒரே நேரத்துல போடணும். நான் அந்தச் சட்டத்தை இருநூறு தடவை சுவத்துல ஒட்டியிருக்கேன். அதனால எனக்கும் எழுதித் தர்றேங்கிறீங்க. ரொம்ப சந்தோஷம். எழுதுங்க. மாத்திரையா? ஐவர்மெக்டினா? வேணாம்மா. தெரியும், நல்ல மாத்திரை. எடை பாத்து, சாப்பாட்டோட ஒண்ணு, வாரம் கழிச்சு இன்னொண்ணு, தடவுற வேலையே இல்ல. வயசானவங்களுக்கு அதுதான் சுலபம். ஜெயிலுக்கெல்லாம் அதுதான் லாயக்கு. எனக்கு வேணாம். ஒத்துக்காதுன்னு இல்ல. மாத்திரைன்னா ஒருத்தன் தனியா உக்காந்து முழுங்கிடலாம்ல. அதான்.

ஒண்ணுமில்ல, எழுதுங்க.

இருங்க. எழுதறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். உங்ககிட்ட மறைச்சா மருந்துல தப்பு வரும். ஞாயித்துக்கிழமை காலைல எல்லார் துணியையும் போர்வையையும் பிளாஸ்டிக் மூட்டையில கட்டி வச்சாங்க. நான்தான் கட்டச் சொன்னேன். ஒரு வாரம் அவிழ்க்கக் கூடாது, உடம்பு சூடு இல்லாம பூச்சி மூணு நாள்ல செத்துடும்னு. மத்தியானம் எல்லாரும் அசந்து தூங்குறாங்க. நான் போய் மூட்டையை அவிழ்த்தேன். ஆமா, நானேதான். எங்க வீட்டம்மா போர்வையை எடுத்துக்கிட்டு முன் ரூமுக்குப் போய், போத்திக்கிட்டுப் படுத்தேன். ரெண்டு மணி நேரம். ஊதாக் கலர், ஓரத்துல பூ போட்டது. அது என்ன போர்வைன்னு அன்னிக்குத்தான் கிட்டத்துல பாக்குறேன். அப்புறம் பழையபடி மடிச்சு மூட்டையில வச்சுக் கட்டிட்டேன். முடிச்சுகூட அதே முடிச்சு.

தெரியும் டாக்டரம்மா, நீங்க சொல்ல வேண்டாம். போர்வையில ஒட்டுறது நூத்துல ஒண்ணு. அப்படியே ஒட்டினாலும் அரிக்க ஒரு மாசம் ஆகும். எனக்குத் தெரியாததா? தெரிஞ்சும் நேத்து வரைக்கும் காலைல எழுந்ததும் விரலிடுக்கைத்தான் பாத்தேன். அந்தக் கொசுக்கடிக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாது.

தனித் துண்டு, தனி நாற்காலி, அவங்களுக்காகத்தான் அத்தனையும் செஞ்சேன். அதை மட்டும் எங்கயாவது எழுதி வச்சுக்கங்க. யாரும் என்னைத் தொட வேணாம்னு நான் செய்யல.

செவ்வாக்கிழமை இன்னொண்ணும் பண்ணிப் பாத்தேன். பீரோவுல இருந்து அந்த பிரஷ்ஷை எடுத்து, ரிப்பனைக் கழட்டி, குச்சி கட்டி, பாத்ரூம் கண்ணாடி முன்னால நின்னு வெறும் தண்ணியை என் முதுகுல நானே அடிச்சுப் பாத்தேன். எட்டுது. ஆனா தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல, ஒரு கை அகலத்துக்கு, அங்க மட்டும் நனைய மாட்டேங்குது. எந்தப் பக்கம் வளைச்சாலும் நனையல. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சொல்லுவாங்க, எட்டவும் எட்டாது போல. அப்புறம் டாக்டரம்மா, அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். குத்துது. நல்லாவே குத்துது. அத்தனை வருஷத்துல பிரஷ்ஷு பட்ட அத்தனை பிள்ளைங்கள்ல அது ஒண்ணுதான் வாயைத் திறந்து சொல்லியிருக்கு.

வேணாம், ட்யூப்னு எழுதாதீங்க. அடிச்சுடுங்க. ட்யூப் என்கிட்ட இருக்கு. இந்தாங்க, பையிலயே இருக்கு பாருங்க. அந்த செவ்வாக்கிழமையே போய் வாங்கிட்டேன், மருந்துக்கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவர்தான். சீல்கூடப் பிரிக்கல. நாலு நாளா சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நடக்குறேன். எடுத்து யார் முன்னாலயாவது நீட்டணும்ல, அதுதான் வர மாட்டேங்குது. வாயைத் திறந்து கேட்டா எங்க வீட்டம்மா எனக்கு நெஞ்சு வலியோ என்னமோன்னு பயந்துடுவாங்க. காலைல நாற்காலியை மூணு டைல்ஸ் முன்னால நகர்த்திப் போட்டேன். அவங்க பெருக்கும்போது பழைய இடத்துக்கே தள்ளிட்டாங்க. தப்பா நகந்திருக்குன்னு நெனைச்சு.

அதனால ஒரே ஒரு வரி போதும். முதுகுக்குத் தானே போட்டுக்கக் கூடாது, வீட்டுல இருக்கறவங்கதான் போட்டு விடணும். அவ்வளவுதான். கையாலன்னு ஒரு வார்த்தை சேத்துக்கங்க. ஆமா, கையால. அடியில உங்க சீல்.

தமிழ்லயே எழுதுங்க டாக்டரம்மா. கொஞ்சம் பெருசா, எழுத்தை ஒட்ட விடாம. ரெண்டாங் கிளாஸ்தான் படிக்குது, சேத்து எழுதினா தடுமாறும். நான் போய் சாப்பாட்டு மேசை மேல வச்சுட்டு என் நாற்காலியில உக்காந்துக்குவேன். கண்ணுல பட்டா அதுவே சத்தமாப் படிச்சுடும்.